கடைசி எண்ணைப் பிடியுங்கள்: தனிம அட்டவணையை மனப்பாடம் இல்லாமல் படிக்கும் வழி

கேஸ் அடுப்பில் ரசம் பொங்கி வழியும்போது ஒரு நொடி சுடரைக் கவனியுங்கள். நீலமாக எரிந்துகொண்டிருந்தது சட்டென்று மஞ்சளாகும். ரசத்தில் போட்ட உப்பிலுள்ள சோடியம்தான் காரணம். சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். பத்து உள்ளே நெருக்கமாக அடங்கியிருக்க, ஒன்று மட்டும் வெளியே தனியாக நிற்கிறது. சுடரின் சூட்டில் அந்த ஒற்றை எலக்ட்ரான் ஒரு படி மேலே தாவி, உடனே பழைய இடத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது அது விடுகிற ஒளிதான் நாம் பார்க்கிற மஞ்சள். தெருக்களில் முன்பு எரிந்த சோடியம் விளக்குகளின் மஞ்சளும் இதே எலக்ட்ரானின் வேலைதான்.

இப்படி வெளியே நிற்கும் எலக்ட்ரான்களுக்குத்தான் இணைதிறன் எலக்ட்ரான்கள் என்று பெயர். தனிம அட்டவணையில் எது எந்தத் தொகுதியில் இருக்கிறது, எது எதோடு சேரும், எத்தனைக்கு எத்தனை சேரும் என்பதையெல்லாம் பெரும்பாலும் இவைதான் முடிவு செய்கின்றன. ஆனால் பள்ளியில் பலருக்கு இது தலைகீழாகத்தான் வந்து சேருகிறது. முதலில் அட்டவணையை ஒப்பிக்கச் சொல்கிறார்கள், காரணம் பிறகு வருகிறது, சிலருக்கு வராமலே போகிறது. எண்ணத் தெரிந்தால் போதும், அட்டவணையின் முக்கியமான பகுதியை நீங்களே கட்டிவிடலாம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். அட்டவணையில் மேலிருந்து கீழாக வருவது தொகுதி, இடமிருந்து வலமாகப் போவது தொடர். இலங்கைப் பாடநூல்களில் தொகுதியைக் கூட்டம் என்றும், தொடரை ஆவர்த்தனம் என்றும், இணைதிறனை வலுவளவு என்றும், எலக்ட்ரானை இலத்திரன் என்றும் எழுதுவார்கள். இரண்டு நாட்டு நூல்களையும் இணையத்தில் மாற்றி மாற்றிப் படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொண்டால் குழப்பம் பாதி குறையும்.

படி 1: இருபது சீட்டுகள்

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் போதும். இருபது சீட்டுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தனிமத்தின் பெயரையும் அணு எண்ணையும் எழுதுங்கள். ஹைட்ரஜன் 1, ஹீலியம் 2, லித்தியம் 3, பெரிலியம் 4, போரான் 5, கார்பன் 6, நைட்ரஜன் 7, ஆக்ஸிஜன் 8, ஃபுளூரின் 9, நியான் 10, சோடியம் 11, மெக்னீசியம் 12, அலுமினியம் 13, சிலிக்கன் 14, பாஸ்பரஸ் 15, கந்தகம் 16, குளோரின் 17, ஆர்கான் 18, பொட்டாசியம் 19, கால்சியம் 20.

அணு எண் என்பது கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. மின்சுமை இல்லாத அணுவில் எலக்ட்ரான்களும் அதே எண்ணிக்கைதான். ஆகவே சீட்டில் இருக்கும் எண்ணே எலக்ட்ரான் எண்ணிக்கை.

படி 2: கூடுகளை நிரப்புங்கள்

எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிக் கூடு கூடாக அமைகின்றன. முதல் கூட்டில் 2 பேருக்குத்தான் இடம், இரண்டாவதில் 8. மூன்றாவதில் மொத்தம் 18 இடம் உண்டு. ஆனால் முதல் இருபது தனிமங்களுக்கு அங்கே 8 வைத்ததும் அடுத்த கூட்டுக்குப் போய்விட வேண்டும்.

குளோரினை எடுத்துக்கொள்வோம். 17 எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் 2 போட்டால் மீதி 15. இரண்டாவதில் 8 போட்டால் மீதி 7. அந்த 7 மூன்றாவது கூட்டுக்கு. சீட்டில் 2, 8, 7 என்று எழுதுங்கள். இதுதான் குளோரினின் எலக்ட்ரான் அமைப்பு.

பொட்டாசியத்தில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். 2, 8 போக மீதி 9. மூன்றாவது கூட்டில்தான் 18 இடம் இருக்கிறதே, 2, 8, 9 என்று எழுதினால் என்ன? நல்ல கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. எலக்ட்ரான் எப்போதும் ஆற்றல் குறைந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். நான்காவது கூட்டின் முதல் இரண்டு இடங்கள், மூன்றாவது கூட்டில் மிச்சமிருக்கும் பத்து இடங்களைவிடப் பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் ஆற்றல் குறைந்தவை. அதனால் பொட்டாசியம் 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: இந்த இருபது தனிமங்களில் எதை எடுத்தாலும் அதன் கடைசிக் கூட்டில் 8-க்கு மேல் இருக்காது.

இருபதையும் இப்படியே எழுதி முடியுங்கள். அவசரம் வேண்டாம். கையால் எழுதுவதில்தான் இது மனதில் பதிகிறது.

படி 3: கடைசி எண்படி அடுக்குங்கள்

இப்போது ஒவ்வொரு சீட்டிலும் கடைசி எண்ணை வட்டமிடுங்கள். அதுதான் இணைதிறன் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. தரையில் உட்கார்ந்து, ஒரே கடைசி எண் உள்ள சீட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். 1-க்கு ஒரு நிரல், 2-க்கு அடுத்தது, இப்படி 8 வரை.

1-இன் நிரலில் ஹைட்ரஜன், லித்தியம், சோடியம், பொட்டாசியம் வரும். 7-இன் நிரலில் ஃபுளூரினும் அதன்கீழ் குளோரினும். 8-இல் நியான், ஆர்கான். சுவரில் மாட்டிய அட்டவணையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அதேதான். யாரும் சொல்லித் தராமல் எட்டு நிரல்கள் உங்கள் கையால் வந்துவிட்டன.

ஒரே ஒரு சீட்டு இடம் மாறியிருக்கும். ஹீலியத்தின் கடைசி எண் 2 என்பதால் அதை பெரிலியத்துக்கு மேலே வைத்திருப்பீர்கள். அட்டவணையில் அது நியானுக்கு மேலே இருக்கிறது. நீங்கள் எண்ணியதில் தவறில்லை. ஹீலியத்துக்கு இருப்பது ஒரே கூடு, அந்தக் கூட்டுக்கு 2 பேர்தான் கொள்ளளவு. அது நிரம்பிவிட்டது. நிரம்பிய கூடு உள்ள அணு யாரோடும் சேர அவசரப்படாது. குணத்தில் நியான், ஆர்கானோடு ஒத்துப்போவதால் அதை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஹைட்ரஜனும் இப்படி ஒரு தனி ஆள்தான். முதல் நிரலில் நிற்கிறது, ஆனால் உலோகம் இல்லை. ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கவும் செய்யும், ஒன்றை வாங்கிக் கூட்டை நிரப்பிக்கொள்ளவும் செய்யும்.

சீட்டில் எத்தனை எண்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணினால் தொடரும் கிடைத்துவிடும். சோடியத்துக்கு 2, 8, 1 என்று மூன்று எண்கள், மூன்று கூடுகள், ஆகவே மூன்றாம் தொடர். கால்சியத்துக்கு நான்கு எண்கள், நான்காம் தொடர்.

படி 4: தொகுதி எண்

இன்றைய அட்டவணையில் தொகுதிகள் 1 முதல் 18 வரை. உங்கள் முதல் இரண்டு நிரல்கள் தொகுதி 1, தொகுதி 2. மூன்றாவது நிரல் தொகுதி 3 இல்லை, 13. அப்புறம் 14, 15, 16, 17, 18. நடுவில் 3 முதல் 12 வரை இரும்பு, தாமிரம், துத்தநாகம் போன்ற இடைநிலைத் தனிமங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது கூட்டில் மிச்சம் வைத்தோமே பத்து இடங்கள், கால்சியத்துக்கு அடுத்த பத்துத் தனிமங்களில் நிரம்பத் தொடங்குவது அவைதான். பத்து இடம், பத்து நிரல்.

அதனால் விதி இது: தொகுதி எண் 13 அல்லது அதற்கு மேல் என்றால் 10-ஐக் கழியுங்கள் (ஹீலியம் மட்டும் விலக்கு, அதற்கு 2தான்). தொகுதி 16-இல் இருக்கும் ஆக்ஸிஜனுக்கு 6. தொகுதி 14-இல் இருக்கும் கார்பனுக்கு 4. பழைய புத்தகங்களில் ரோமன் எண்ணோடு ஏ, பி சேர்த்து எழுதியிருப்பார்கள். அமெரிக்க முறையில் எழுதிய புத்தகத்தில் ஏழு ஏ என்று இருந்தால் அது இன்றைய தொகுதி 17.

இடைநிலைத் தனிமங்களுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அவை உள் கூட்டு எலக்ட்ரான்களையும் வேலைக்கு இழுக்கும். இரும்பு சில இடங்களில் இரண்டைக் கொடுக்கும், சில இடங்களில் மூன்றை. புதிதாகப் படிக்கிறவர்கள் அந்தப் பகுதியைத் தள்ளிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 5: பெரிய அணுக்களுக்கு ஒரு குறுக்கு வழி

அயோடினின் அணு எண் 53. ஈயத்துக்கு 82. கூடு கூடாக நிரப்பினால் கை வலிக்கும். அதற்குப் பதிலாக ஆறு எண்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஹீலியம் 2, நியான் 10, ஆர்கான் 18, கிரிப்டான் 36, செனான் 54, ரேடான் 86. இவை மந்த வாயுக்கள், தொகுதி 18. இவற்றை மைல்கல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தனிமம் ஒரு மைல்கல்லைத் தாண்டி ஒன்று அல்லது இரண்டு தள்ளி இருந்தால், அதுவே வெளி எலக்ட்ரான் எண்ணிக்கை. சீசியம் 55, அதாவது செனானுக்கு அடுத்த ஒன்று. ஆகவே 1, தொகுதி 1. அடுத்து வரும் மைல்கல்லுக்கு ஐந்துக்குள் குறைவாக இருந்தால், அந்தக் குறையை 8-இலிருந்து கழியுங்கள். அயோடின் 53, செனானுக்கு ஒன்று குறைவு, 8-இல் ஒன்று போனால் 7, தொகுதி 17. ஈயம் 82, ரேடானுக்கு நான்கு குறைவு, ஆகவே 4, கார்பன் இருக்கும் தொகுதி 14. இரும்பு 26, முன்னால் இருக்கும் 18-க்கும் தூரம், பின்னால் இருக்கும் 36-க்கும் தூரம். அப்படியென்றால் அது நடுப்பகுதி, கணக்கு பொருந்தாது. முதல் தொடரிலுள்ள ஹைட்ரஜன், ஹீலியத்துக்கு மட்டும் இந்த வழி தேவையில்லை, அவற்றை நேரடியாகவே எண்ணிவிடலாம்.

கணக்கு உண்மைதானா என்று எப்படித் தெரியும்?

கூடு, கடைசி எண் என்பதெல்லாம் தாளில் எழுதிக்கொண்ட ஏற்பாடு இல்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள். அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலுக்கு அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். சோடியத்தில் முதல் எலக்ட்ரானை எடுக்க ஒரு மோலுக்கு, அதாவது குறிப்பிட்ட ஒரு பெரிய எண்ணிக்கையிலான அணுக்களுக்கு, 496 கிலோஜூல் போதும். இரண்டாவதை எடுக்க 4562. ஒன்பது மடங்குக்கு மேல்! முதலாவது எளிதாக வந்தது, அடுத்தது அசைய மறுக்கிறது.

மெக்னீசியத்தில் முதலாவதுக்கு 738, இரண்டாவதுக்கு 1451, மூன்றாவதுக்கு 7733. அலுமினியத்தில் 578, 1817, 2745 என்று ஏறி, நான்காவதுக்கு 11577. சோடியத்தில் ஒன்றுக்குப் பிறகு, மெக்னீசியத்தில் இரண்டுக்குப் பிறகு, அலுமினியத்தில் மூன்றுக்குப் பிறகு சுவர் வருகிறது. உங்கள் சீட்டுகளில் வட்டமிட்ட கடைசி எண்களைப் பாருங்கள். 1, 2, 3. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவையே இணைதிறன் எலக்ட்ரான்கள். வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த எண்கள் இவைதான், அட்டவணையை நம்ப வைப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

படி 6: யார் கொடுப்பார், யார் வாங்குவார்

கடைசிக் கூட்டில் 1, 2, 3 வைத்திருப்பவை பெரும்பாலும் அவற்றைக் கொடுத்துவிட்டு, உள்ளே நிரம்பிய கூட்டோடு நின்றுவிடும். உலோகங்கள் இப்படித்தான். 5, 6, 7 வைத்திருப்பவை குறையை வாங்கி 8 ஆக்கிக்கொள்ளப் பார்க்கும். நடுவில் 4 வைத்திருக்கும் கார்பன் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை, பங்குபோட்டுக்கொள்கிறது.

சோடியம் ஒன்றைக் கொடுக்க, குளோரினுக்கு ஒன்று தேவை. ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் சாப்பாட்டு உப்பு. மெக்னீசியம் இரண்டைக் கொடுக்கும், குளோரின் ஒன்றைத்தான் வாங்கும், ஆகவே ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரின். அலுமினியமும் ஆக்ஸிஜனும் கொஞ்சம் யோசிக்க வைக்கும். அலுமினியம் கொடுப்பது 3, ஆக்ஸிஜன் கேட்பது 2. இரண்டு அலுமினியம் சேர்ந்து 6 கொடுத்தால் மூன்று ஆக்ஸிஜன் அதை இரண்டிரண்டாக வாங்கிக்கொள்ளும். அலுமினியப் பாத்திரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து அதைக் காக்கும் ஆக்சைடு இந்த இரண்டுக்கு மூன்று கணக்கில் உருவானதுதான்.

பங்கிடுவதை வரைந்து பார்க்க, தனிமத்தைச் சுற்றி வெளி எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைக்கலாம். அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916-இல் கொண்டுவந்த முறை இது. ஆக்ஸிஜனைச் சுற்றி ஆறு புள்ளிகள், இரண்டு குறை. இரண்டு ஹைட்ரஜன்கள் தலா ஒரு புள்ளியோடு வந்து பங்கிட்டால் தண்ணீர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இணைதிறன் எலக்ட்ரான் வேறு, இணைதிறன் வேறு. ஆக்ஸிஜனின் இணைதிறன் எலக்ட்ரான்கள் 6, இணைதிறன் 2. முன்னது கையில் இருப்பது. பின்னது கொடுக்கவோ வாங்கவோ பங்கிடவோ வேண்டியது. தேர்வுத் தாளில் அதிக மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வரும் தவறு, மாணவர்மேல் குற்றமில்லை.

மாடியில் சூரிய மின்தகடு வைத்திருக்கிறீர்களா? அதுவும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. சிலிக்கனுக்கு வெளியே 4. நான்கு பக்கமும் அண்டை அணுக்களோடு பங்குபோட்டு அசையாமல் நிற்கும். அதில் 5 வைத்திருக்கும் பாஸ்பரஸை மிகச் சிறிதளவு கலந்தால், நான்கு பங்கீட்டுக்குப் போக ஒன்று மிச்சமாகி உலவத் தொடங்கும். 3 வைத்திருக்கும் போரானைக் கலந்தால் ஒரு இடம் காலியாக நிற்கும். இந்த இரண்டு வகைச் சிலிக்கனும் தொட்டுக்கொள்ளும் எல்லைதான் வெயிலை மின்சாரமாக்குகிறது. சீட்டில் அடுத்தடுத்து இருக்கும் 3, 4, 5 என்ற மூன்று எண்கள், அவ்வளவுதான்.

படி 7: தொகுதியில் கீழே இறங்கும்போது

ஒரே தொகுதி என்றால் ஒரே மாதிரி குணம் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். முழு உண்மை அதில்லை. கீழே போகப் போகக் கூடுகள் கூடுகின்றன, வெளி எலக்ட்ரான் கருவை விட்டுத் தள்ளிப்போகிறது, பிடி தளர்கிறது.

சோடியத்தை ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் போட்டு வைப்பார்கள். கத்தியால் வெட்டினால் வெண்ணெய்க்கட்டி மாதிரி வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளியாகப் பளபளக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். ஒற்றை எலக்ட்ரானைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிற அவசரம் அது. தண்ணீரில் போட்டால் சோடியம் சீறி ஓடும், பொட்டாசியம் ஊதா நிறத்தில் தீப்பற்றும், சீசியம் வெடிக்கும். வீட்டில் செய்துபார்க்கிற விஷயமில்லை இது. காணொளியில் பாருங்கள். தொகுதி 14-இல் மாற்றம் இன்னும் பெரிது. மேலே கார்பன் அலோகம், நடுவில் சிலிக்கன் இரண்டும் கெட்டான், கீழே வெள்ளீயமும் ஈயமும் உலோகங்கள். எல்லாவற்றுக்கும் கடைசி எண் 4.

ஆனாலும் உறவு உறவுதான். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதன் உறையைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ஒரே தொகுதி என்பதால் உப்புச் சுவை ஓரளவு கிடைக்கிறது. ஆனால் உடலுக்கு இரண்டும் ஒன்றில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தைப் பாதிக்கலாம், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. அணுகுண்டுச் சோதனைகளில் சிதறிய ஸ்ட்ரான்சியம் 90 எலும்பில் போய் உட்கார்ந்துகொள்வதற்கும் காரணம் இந்தத் தொகுதி உறவுதான். ஸ்ட்ரான்சியத்தின் அணு எண் 38 (பெயரோடு வரும் 90 அதன் நிறை எண்), கிரிப்டானுக்கு இரண்டு தள்ளி. கால்சியம் 20, ஆர்கானுக்கு இரண்டு தள்ளி. உடம்பு அதைக் கால்சியம் என்றே எடுத்துக்கொள்கிறது.

எலக்ட்ரான் தெரியாமலே கட்டிய அட்டவணை

ரஷ்யாவில் மெண்டலீவ் தன் அட்டவணையை வெளியிட்டது 1869-இல். எலக்ட்ரானைத் தாம்சன் கண்டுபிடித்ததோ 1897-இல். மெண்டலீவ் அணு எடையையும் குணத்தையும் மட்டும் வைத்துத் தனிமங்களை அடுக்கினார். அலுமினியத்துக்குக் கீழே ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே வரவேண்டிய தனிமத்துக்கு ஏக அலுமினியம் என்று பெயர் வைத்தார். ஒன்று என்று பொருள்படும் நம் ஏக என்ற வடசொல்லேதான். அதன் அடர்த்தி 5.9 இருக்கும் என்றும் கணித்தார். 1875-இல் பிரான்சில் லெகாக் டி பாய்ஸ்பாட்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்றார். தூய்மைப்படுத்தி மறுபடி அளக்கச் சொன்னார் மெண்டலீவ். அளந்தபோது 5.9 வந்தது. காலியம் 31, கிரிப்டானுக்கு ஐந்து குறைவு, கடைசி எண் 3.

டெல்லூரியம் அயோடினைவிடக் கனமானது, எடைப்படி பார்த்தால் அயோடின்தான் முன்னால் வரவேண்டும். மெண்டலீவ் குணத்தை நம்பி அயோடினைக் குளோரின் நிரலிலேயே வைத்தார். 1913-இல் இங்கிலாந்தில் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு எண்ணை அளக்கும் வழியைக் காட்டினார். அணு எண்படி டெல்லூரியம் 52, அயோடின் 53, மெண்டலீவ் வைத்த வரிசையேதான்.

கடைசியாக நீங்களே போட்டுப்பார்க்க ஒரு கணக்கு. 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் யுரேனியத் தாதுவைப் பிரித்துக்கொண்டே போனபோது, புதிய கதிரியக்கப் பொருள் ஒன்று பேரியத்தை விட்டு விலகாமல் கூடவே வந்தது. பேரியம் எந்த வினையில் வீழ்படிவானதோ அதே வினையில் அதுவும் வீழ்படிவானது. அதுதான் ரேடியம். குளோரைடாக மாற்றி, கரைதிறனில் இருக்கும் சிறு வித்தியாசத்தை வைத்துத் திரும்பத் திரும்பப் படிகமாக்கி, 1902-இல் மேரி கியூரி 0.1 கிராம் ரேடியம் குளோரைடைத் தனியே எடுத்தார். ஏன் இவ்வளவு பாடு என்று தெரிய, பேரியத்தின் 56-இலிருந்து 54-ஐயும் ரேடியத்தின் 88-இலிருந்து 86-ஐயும் கழித்துப் பாருங்கள்.